குண்டான பிள்ளையின் குறட்டை: எடை குறையட்டும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. உயரம் 135 செ.மீ., எடை 52 கிலோ. தினமும் குறட்டை விடுகிறான். திடீரென்று சத்தம் நின்றுபோகிறது, கொஞ்ச நேரத்தில் திணறிக்கொண்டு புரண்டு படுக்கிறான். வகுப்பில் தூங்கி விழுகிறான் என்று ஆசிரியை சொல்கிறார். எடை குறைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள் வீட்டில். காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். உங்கள் மகனின் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் கணக்கு) 28-ஐத் தாண்டுகிறது. இந்த வயதில் சுமார் 21-ஐத் தாண்டினாலே உடற்பருமன் என்கிறோம். எனவே எடையைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஆகும். அதுவரை ஒவ்வொரு இரவும் அவன் மூச்சுக்குத் திணறுவதை விட்டுவைக்க முடியாது.

நீங்கள் எழுதியிருப்பது ஸ்லீப் ஆப்னியாவின், அதாவது தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டுத் தடைபடும் நோயின் அடையாளம். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. குண்டான பிள்ளைகளுக்குத் தொண்டையைச் சுற்றியும் நாக்கிலும் கொழுப்பு சேர்ந்து மூச்சுப்பாதை ஏற்கெனவே குறுகியிருக்கும். மல்லாந்து படுத்தால் வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள மூச்சுத் தசை) மேலே தள்ளுவதால் நுரையீரல் விரியவும் இடம் குறைகிறது. இதோடு தொண்டையில் உள்ள டான்சிலும், மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு சதையும் பெருத்திருந்தால் பாதை அடைபட்டுப்போகும். ஆக்சிஜன் இறங்கியதும் மூளை பதறி எழுப்பும். அந்தத் திணறல் அதுதான். இப்படி இரவு முழுக்க அறுந்து அறுந்து தூங்கும் பிள்ளை பகலில் சோர்ந்துபோவான், ஓடியாட மாட்டான். தூக்கம் கெட்டால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடி, போதும் என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் குறைவதும் உண்டு. அப்புறம் எடை எப்படி இறங்கும்? தயவுசெய்து அவனை யாரும் சோம்பேறி என்று திட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்றிரவே ஒரு வேலை செய்யுங்கள். அவன் தூங்கும்போது நெஞ்சும் வயிறும் தெரியும்படி செல்போனில் இரண்டு மூன்று நிமிட வீடியோ எடுங்கள். நெஞ்சு ஏறி இறங்கியும் மூச்சுச் சத்தம் வராத இடம் பதிவானால் மருத்துவருக்குப் பெரிய உதவி. படுக்கையில் சிறுநீர் போகிறானா, காலையில் தலை வலிக்கிறதா, வாயைத் திறந்து தூங்குகிறானா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தை மருத்துவரிடம் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். காது மூக்கு தொண்டை மருத்துவர் டான்சிலைப் பார்க்கட்டும்.

நோயை உறுதிசெய்வது இரவு முழுக்க நடக்கும் தூக்கப் பரிசோதனை. ஊசி எதுவும் இல்லை, உடம்பில் சென்சார்கள் ஒட்டுவார்கள், அவ்வளவுதான். மூச்சுத்தடை மணிக்கு 5 முறைக்குள் இருந்தால் பெரியவர்களுக்கு இயல்பு என்று விடுவார்கள். பிள்ளைகளுக்கு ஒரு முறையே அதிகம்.

டான்சிலும் அடினாய்டும் பெருத்திருந்தால், எடை அதிகமுள்ள பிள்ளைக்கும் முதல் சிகிச்சை பெரும்பாலும் அவற்றை அகற்றுவதுதான். 5 முதல் 9 வயதுப் பிள்ளைகள் 464 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது. சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களில் 79 சதவீதம் பேருக்கும், காத்திருந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கும் ஏழு மாதத்தில் பரிசோதனை முடிவு இயல்பானது. குண்டான பிள்ளைகளிடம் பலன் இதைவிடக் குறைவு. அதனால் ஆபரேஷன் முடிந்து ஆறேழு வாரம் கழித்து, குறட்டை நின்றிருந்தாலும், மறுபடி பரிசோதிக்க வேண்டும். மூச்சுத்தடை மீதி இருந்தால் சிபாப் கருவி உண்டு. மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துப் பாதையைத் திறந்து வைக்கும். பழக்கப்படச் சில வாரம் ஆகலாம், பொறுமை வேண்டும்.

ஆபரேஷன் என்று முடிவானால், அன்றிரவு மருத்துவமனையிலேயே கண்காணிப்பில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். எடை அதிகமுள்ள பிள்ளைகளுக்கு அப்போது மூச்சுப் பிரச்சினை வரும் வாய்ப்பு கூடுதல். வலிக்குக் கோடீன் கலந்த மருந்து வேண்டாம்.

இன்னொன்று. ஆபரேஷனுக்குப் பிறகு பல பிள்ளைகள் எடை கூடுகிறார்கள். எனவே உணவு, விளையாட்டு, 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் மூன்றையும் இப்போதே தொடங்குங்கள். வளரும் வயது என்பதால் எடை ஏறாமல் நின்றாலே, உயரம் கூடக்கூட பிஎம்ஐ இறங்கும்.

இதற்கிடையில் தூக்கத்தில் உதடு நீலம் பாரித்தாலோ, எழுப்பியும் எழாமல் மயக்கமாகக் கிடந்தாலோ, உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள்.