ஓடாத சைக்கிளுக்கு 85,000 ரூபாய் கொடுக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: உச்சிப்புளியில் வசிக்கும் பள்ளி ஆசிரியர் நான், வயது 41. சில ஆண்டுகளாக விடியற்காலையில் மண்டபம் வரை சைக்கிள் ஓட்டி வருகிறேன். வரும் மாசிக்குள் 200 கிலோமீட்டர் பி.ஆர்.எம். ஒன்றை, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணம் ஒன்றை, முடித்துவிட வேண்டும் என்று ஆசை. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று ஆளையே தள்ளுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆகவே வீட்டுக்குள் பயிற்சி செய்ய நினைக்கிறேன். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிளை மாட்டும் 'டைரக்ட் டிரைவ்' ஸ்மார்ட் டிரெய்னரின் விலை 85,000 ரூபாய் என்கிறார்கள். பின் டயரை உருளையில் அழுத்தி ஓட்டும் சாதாரண ஃப்ளூயிட் டிரெய்னர் 18,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. என்னிடம் இருப்பது டிஸ்க் பிரேக் உள்ள அலுமினிய ஹைப்ரிட் சைக்கிள். விலை கூடியதை வாங்கினால் கொடுத்த பணத்துக்குப் பயன் இருக்குமா? 'இந்தப் பணத்துக்கு ஒரு பழைய ஸ்கூட்டரே வாங்கிவிடலாமே' என்கிறார் என் மனைவி.

பதில்: இந்த ஆண்டு 85,000 ரூபாயைச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. 18,000 ரூபாய் டிரெய்னரையும், அதோடு நல்லதொரு பெடஸ்டல் ஃபேனையும் வாங்கி ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்கள். உங்கள் மனைவியின் ஸ்கூட்டர் யோசனையில் சிக்கனம் இருக்கிறது, ஆனால் பி.ஆர்.எம். முடிக்க அது உதவாது.

விலை கூடிய இயந்திரத்தில் நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது முக்கியமாக அளவும் கட்டுப்பாடும். பெடலில் நீங்கள் செலுத்தும் திறனை அது வாட் கணக்கில் அளக்கிறது; இவ்வகை டிரெய்னர்களுக்குத் தயாரிப்பாளர்கள் குறிப்பிடும் பிழை பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு சதவீதத்துக்குள் இருக்கும். 'எர்க்' என்னும் முறையில் வைத்து, ஐந்து நிமிடம் 180 வாட் என்று செயலியில் குறித்துவிட்டால், நீங்கள் மெதுவாக மிதித்தால் எதிர்ப்பைக் கூட்டியும் வேகமாக மிதித்தால் குறைத்தும் அந்த 180 வாட்டிலேயே உங்களைப் பிடித்து வைக்கும். பந்தயத்துக்குத் தயாராகிறவருக்கும், பயிற்சியாளர் எழுதிக் கொடுத்த அட்டவணையை எண்ணுக்கு எண் பின்பற்றுகிறவருக்கும் இது பெரிய வசதி. ஃப்ளூயிட் டிரெய்னரில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. கியரை மாற்றி வேகத்தைக் கூட்டினால் எதிர்ப்பும் கூடும், அவ்வளவுதான். ஆனால் குறிப்பிட்ட வேகத்துக்குக் குறிப்பிட்ட அளவு எதிர்ப்பு என்ற கணக்கு அதற்கும் உண்டு என்பதால், பின்சக்கரத்தில் ஒரு வேக சென்சாரைக் கட்டினால் செயலிகள் வாட்டை ஓரளவு மதிப்பிட்டுக் காட்டும். டயரின் காற்றழுத்தத்தையும், உருளை டயரை அழுத்தும் அளவையும் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல வைத்துக்கொண்டால், சென்ற வாரத்தைவிட இந்த வாரம் முன்னேறியிருக்கிறோமா என்று பார்க்க அந்த மதிப்பீடு போதும்.

உங்கள் இலக்கையும் பாருங்கள். இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் அமைப்பின் கீழ் நடக்கும் பி.ஆர்.எம். பயணங்களில் 200 கிலோமீட்டருக்குக் கொடுக்கப்படும் நேரம் 13 மணி 30 நிமிடம். சாப்பிட, தண்ணீர் பிடிக்க, பஞ்சர் ஒட்ட நிற்கும் நேரத்தையும் சேர்த்து மணிக்குச் சராசரியாக 15 கிலோமீட்டர் போனால் முடித்துவிடலாம். இதற்கு வேண்டியது, நீண்ட நேரம் சீட்டில் உட்காரப் பழகிய உடம்பும், ஓடிக்கொண்டே சாப்பிட்டுக் குடிக்கும் பழக்கமும், எதிர்காற்றில் பொறுமை இழக்காத மனமும்தான். இவற்றில் எதையும் எந்த டிரெய்னரும் முழுமையாகக் கற்றுத் தராது. சொல்லப்போனால், அசையாமல் பூட்டப்பட்ட சைக்கிளில் ஒரு மணி நேரம் உட்காருவது சாலையில் அதே நேரம் உட்காருவதைவிட வலிக்கும். அவ்வப்போது எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருக்கும்.

நீங்கள் குறை சொல்லும் கச்சானைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றை எதிர்த்து நீங்கள் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால், உங்கள் நெஞ்சில் மோதும் காற்றின் வேகம் 45. காற்றில்லாத நாளோடு ஒப்பிட்டால் அதன் எதிர்ப்பு ஐந்து மடங்கு. ஏற்றமே இல்லாத நம் கரையில் இவ்வளவு கடுமையான பயிற்சி காசில்லாமல் கிடைக்கும்போது அதை விட்டுவிட்டு அறைக்குள் போவானேன்? திசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். மண்டபம் உங்களுக்குக் கிழக்கே இருக்கிறது. கச்சான் வீசும் மாதங்களில் அங்கே போகும்போது காற்று முதுகில் தள்ளி ஏமாற்றும், களைத்துத் திரும்பும்போது முகத்தில் அடிக்கும். அந்த மாதங்களில் முதலில் இராமநாதபுரம் பக்கமாக மேற்கே போய்விட்டு, காற்றோடு வீடு திரும்புங்கள். பலத்த காற்றுள்ள நாளில் பாம்பன் பாலத்தில் மட்டும் ஏற வேண்டாம். 1988-இல் திறக்கப்பட்ட, இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள அந்தச் சாலைப் பாலத்தில் பக்கக்காற்று பேருந்துக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் சைக்கிளைத் தடுமாற வைக்கும். பக்கத்திலிருந்த பழைய ரயில் பாலத்திலேயே காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள்.

மழை நியாயமான காரணம்தான். ஆனால் நம் மாவட்டத்து மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. அந்த மூன்று மாதங்களிலும் எல்லா நாளும் விடியற்காலையில் பெய்வதில்லை. மழையை மட்டும் நம்பி இவ்வளவு பணத்தை முடக்குவது சரியாகப் படவில்லை. மழைநாளில் இன்னொரு சிக்கலும் உண்டு. புயலோடு வரும் மழையில் முதலில் போவது கரண்ட். மின்சாரம் இல்லையென்றால் பெரும்பாலான ஸ்மார்ட் டிரெய்னர்கள் எதிர்ப்பைக் கட்டுப்படுத்த முடியாமல் முடங்கிவிடும்; டாக்ஸ் நியோ போன்ற மிகச் சில மட்டுமே மிதிக்கும் ஆற்றலிலிருந்தே தமக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும், அவற்றின் விலை இன்னும் மேலே. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் கவலையில்லை. ஃப்ளூயிட் டிரெய்னருக்கோ பிளக்கே கிடையாது.

இனி, கடைக்காரர்கள் அவ்வளவாகப் பேசாத வெப்பத்துக்கு வருவோம். மனித உடம்பு உணவிலிருந்து எடுக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால்பங்கோ அதற்குச் சற்றுக் குறைவோதான் பெடலுக்குப் போகிறது, மீதி வெப்பமாகிறது. நீங்கள் 150 வாட்டில் மிதித்தால் உடம்பு 500 வாட் அளவில் வெப்பத்தை வெளியே தள்ள வேண்டியிருக்கும். அதற்கு உடம்புக்குள்ள முக்கிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். அப்படிப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு முக்கால் லிட்டர் ஆவியானால் போதும். ஆனால் நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் முழங்கையிலிருந்தும் மூக்கு நுனியிலிருந்தும் சொட்டிக்கொண்டே இருக்கும், குளிர்ச்சி தராது. சாலையில் உங்கள் வேகமே காற்றாக அடிக்கிறது. அறைக்குள் அதுவும் இல்லை. சீலிங் ஃபேன் போதாது. நெஞ்சுக்கும் முகத்துக்கும் நேராக வேகமாக அடிக்கும் பெரிய பெடஸ்டல் ஃபேன் வேண்டும். ஏர்கூலர் வாங்கிவிடாதீர்கள், அது காற்றில் மேலும் ஈரத்தை ஏற்றும், மதுரைக்கு மேற்கே சரி, மண்டபத்துக்குச் சரிப்படாது. ஏ.சி. அறை இருந்தால் மிக நல்லது; அப்போதும் ஃபேன் தேவைதான். இந்த ஏற்பாடு இல்லாமல் 85,000 ரூபாய் இயந்திரத்தில் ஏறினாலும் இருபதாவது நிமிடத்தில் இறங்கிவிடத் தோன்றும்.

அடுத்தது துரு. அந்த வியர்வையும் உப்புதான், வெளியிலிருந்து வரும் காற்றும் உப்புதான். சொட்டும் வியர்வை நேராக விழுவது ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் போல்ட்டுகளிலும், அதன் கீழே ஹேண்டில் திரும்ப உதவும் ஹெட்செட் பேரிங்கிலும். மேலே பளபளப்பாகத் தெரியும் போல்ட்டின் தலைக்குள் ஆலன்கீ போகும் குழியில் தேங்கிய துளி காய்ந்து, சில மாதத்தில் கீயே பிடிக்காதபடி அரித்துவிடும். ஓட்டும்போது ஹேண்டிலிலிருந்து சீட் வரை ஒரு பழைய துண்டை விரித்துக் கட்டுங்கள். இறங்கியதும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். டிரெய்னரை மொட்டை மாடியிலோ, கடலைப் பார்த்த திண்ணையிலோ வைக்கக் கூடாது. மின்னணுப் பலகை உள்ளே இருக்கும் விலை கூடிய இயந்திரத்துக்கு இது இன்னும் முக்கியம். அது பழுதானால் உச்சிப்புளியில் பார்ப்பார் இல்லை. 20 கிலோ அளவிலான பெட்டியை வெளியூருக்குப் பார்சல் போட்டுத் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். விற்கும் கடைக்காரரிடம் சர்வீஸ் எங்கே, பார்சல் செலவு யாருடையது என்பதை வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

செலவைக் கூட்டிப் பாருங்கள். வாரத்துக்கு நான்கு நாளாக ஐந்து மாதம் ஓட்டினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 80 முறை; மூன்று ஆண்டில் 240. ஃபேன், தரைவிரிப்பு எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் என்று வைத்தால் ஒருமுறை ஏறி இறங்க 400 ரூபாய்க்கு மேல் ஆகிறது. சாதாரண டிரெய்னரில் இது 100, 150-க்குள் அடங்கும். ஸ்விஃப்ட் போன்ற செயலிக்கு மாதக் கட்டணம் 19.99 டாலர், ஆண்டு முழுவதும் கட்டினால் ரூபாயில் இருபதாயிரத்தைத் தொடும். தேவையில்லாத மாதங்களில் நிறுத்திவைக்கலாம், அல்லது கட்டணமில்லாத மைவூஷைப் பயன்படுத்தலாம். வாரம் நான்கு நாள் என்ற கணக்கை நீங்கள் உண்மையில் காப்பாற்றுவீர்களா என்பதைக் கண்டுபிடிக்கத்தான் முதலில் 18,000 ரூபாய் டிரெய்னர் என்கிறேன். காப்பாற்றி, வாட் அளவு சரியாகத் தெரியாமல் மிதிப்பது போதவில்லை என்று மழை முடிந்தபின் தோன்றினால், அப்போது பெரியதை வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை.

எதை வாங்கினாலும் உங்கள் சைக்கிளின் பின் அச்சு குவிக் ரிலீஸா (லீவரைத் திறந்து கழற்றும் மெல்லிய அச்சு), த்ரூ ஆக்சிலா (சட்டத்தில் திருகிப் பூட்டும் தடித்த அச்சு) என்று பார்த்து, அதற்குரிய இணைப்பு பெட்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். டயரில் முரட்டுப் பட்டைகள் இருந்தால் உருளையில் அதிரும். வழவழப்பான டயர் போடுங்கள். டைரக்ட் டிரைவ் வாங்கும் நாளில் பின்சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் பேடுகளுக்கு நடுவே ஒரு தடுப்புத் துண்டைச் செருகிவிடுங்கள். ஹைட்ராலிக் பிரேக்கில் சக்கரம் இல்லாதபோது தெரியாமல் லீவரை அழுத்தினால் பேடுகள் ஒட்டிக்கொண்டு, மறுபடி சக்கரத்தை மாட்டப் பெரும்பாடாகிவிடும்.

கேள்வி: கீழக்கரையில் வசிக்கிறேன், வயது 34. சைக்கிள் பயிற்சி மிகவும் பிடிக்கும், ஆனால் தெருவில் ஓட்டும் சூழ்நிலை எனக்கு இல்லை. சொந்தமாகச் சைக்கிளும் இல்லை. துபாயில் இருக்கும் என் கணவர், சைக்கிளும் ஸ்மார்ட் டிரெய்னரும் சேர்த்து வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: மேலே உள்ள ஆசிரியருக்கு வேண்டாம் என்று சொன்ன நான் உங்களுக்குச் செலவழிக்கலாம் என்றே சொல்வேன், அம்மா. அவருக்கு அது சாலைக்கு மாற்று. உங்களுக்கு இருக்கும் ஒரே வழி. ஆண்டு முழுவதும் பயன்படும் என்பதால் ஒருமுறைக்கான செலவு தானாகவே இறங்கிவிடும்.

ஆனால் வெளியே ஓட்டப் போவதில்லை என்றால், சைக்கிள் ஒன்று, டிரெய்னர் ஒன்று என இரண்டுக்குப் பணம் கொடுப்பானேன்? காந்த எதிர்ப்பு உள்ள நல்ல ஸ்பின் பைக் ஒன்று போதும். கம்பளித் துண்டு சக்கரத்தில் உரசி எதிர்ப்புத் தரும் வகை வேண்டாம். அது தேயும், தூள் உதிரும், நம் ஈரக்காற்றில் நாற்றமும் பிடிக்கும். சீட்டின் உயரத்தோடு அது முன்னும் பின்னும் நகர்கிறதா என்றும், ஹேண்டில் உயர்கிறதா என்றும் பாருங்கள். வீட்டில் மற்றவர்களும் ஏறுவார்கள். வாட் அளவும் வேண்டும் என்றால் அதைக் காட்டும் பைக்குகளும் உண்டு.

அங்கிருந்து அனுப்புவதைவிட இங்கேயே வாங்குவது மேல். மின்னழுத்தம் ஒத்துப்போகும், பிளக்கின் வடிவத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டுக்குள்தான் செல்லும். பார்சல் கட்டணமும் சுங்கமும் சேர்ந்தால் அங்கே தெரிந்த விலைக்குறைவு காணாமல் போய்விடும். காற்று வரும் உள்ளறையில் வையுங்கள். முற்றத்தின் ஓரம் வேண்டாம், சாரல் அடிக்கும்.

கேள்வி: தொண்டியில் நண்பர் ஒருவர் தாம் பயன்படுத்திய டைரக்ட் டிரைவ் டிரெய்னரை 40,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: உங்கள் சைக்கிளையே கொண்டுபோய் மாட்டி, அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். முதலில் மிதிக்காமல் கையால் பெடலைச் சுற்றி, டிரெய்னரின் சுழல்சக்கரம் தானாகச் சுழன்று நிற்கும்வரை காதைக் கொடுத்துக் கேளுங்கள். கரகரவென்ற ஓசை வந்தால் பேரிங் போயிருக்கிறது, கீச்சென்றால் பெல்ட்டைச் சந்தேகிக்கலாம். கேசட் எனப்படும் பின் பல்சக்கரத் தொகுப்பைக் கழற்றச் சொல்லி, அதன் அடியில் இருக்கும் ஃப்ரீஹப்பில் துரு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தொண்டியில் இருந்த பொருள் என்பதால் இதில் தயவு காட்ட வேண்டாம். பிறகு உங்கள் கைபேசியில் தயாரிப்பாளரின் செயலியை இறக்கி இணைத்து, வேகமாகச் சுழலவிட்டுத் தானாக நிற்கவைத்து டிரெய்னரைச் சரிபார்க்கும் 'ஸ்பின்டவுன்' அளவீட்டை முடித்துப் பாருங்கள். அது தோல்வி என்று காட்டினால் வாங்காதீர்கள். எதிர்ப்பைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் காலுக்கு மாற்றம் தெரிகிறதா என்றும் கவனியுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்து, அசல் அடாப்டரும் ரசீதும் கையில் இருந்தால் 35,000-க்குக் கேட்டுப் பாருங்கள். அடாப்டர் தொலைந்துவிட்டது என்று சொன்னால் அதன் விலையை விசாரித்து அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.