சக்கரத்துக்கு இரண்டு பக்கம்: தேசியக் கொடி பற்றி வாசகர் கேள்விகள்

பள்ளி ஆண்டு விழாவில் திருப்பூர் குமரன் நாடகம் போடுகிறோம். குமரனாக நடிக்கும் மாணவன் கையில் இப்போதைய தேசியக் கொடியைக் கொடுக்கலாமா?
*– ஆசிரியை, ஈரோடு*

வேண்டாம். கொடியில் அசோகச் சக்கரம் இடம்பெற்றது 1947 ஜூலையில். குமரன் தடியடி பட்டு விழுந்தது 1932 ஜனவரி 10. மறுநாள் உயிர் பிரிந்தது. அன்றைய காங்கிரஸ் கொடியின் நடுவில் இருந்தது கைராட்டை.

அந்தக் கொடிக்கும் அப்போது ஐந்து மாதமே வயது. 1931 ஆகஸ்டில் பம்பாயில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டிதான் மேலே காவி, நடுவே வெள்ளை, கீழே பச்சை, வெள்ளையில் நீல ராட்டை என்று முடிவு செய்தது. அதற்கு முன் பத்து ஆண்டுகள் புழங்கிய கொடியில் வெள்ளை மேலே, பச்சை நடுவே, சிவப்பு கீழே இருந்தன. ராட்டை மூன்று பட்டைகளிலும் படர்ந்திருந்தது. சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெள்ளை மற்றவர்களுக்கு என்று அப்போது பொருள் சொல்லப்பட்டது. அது சச்சரவுக்கு வழி வகுத்தது. அதனால்தான் 1931இல் நிறங்களுக்கு மதப் பொருள் இல்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தார்கள். காவி வீரத்துக்கும் தியாகத்துக்கும், வெள்ளை உண்மைக்கும் அமைதிக்கும் என்று புதிய விளக்கம் வந்தது.

உங்கள் நாடகத்துக்கு 1931 கொடியே பொருத்தம். 900 மி.மீ. நீளத் துணியில் 200 மி.மீ. அகலத்தில் மூன்று பட்டைகளை இணைத்து, வெள்ளையில் ராட்டையை நீலச் சாயத்தில் வரைந்துவிடலாம். ஒத்திகையில் கொடி கைதவறித் தரையில் விழுவது சகஜம். தேசியக் கொடி தரையில் படவே கூடாது என்பது விதி. ராட்டைக் கொடியானால் அந்தக் கவலையும் இல்லை.

பின்னணியில் பாரதியாரின் கொடிப் பாட்டை ஒலிக்கவிடுவதாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். பாரதியார் மறைந்தது 1921 செப்டம்பரில். அவர் பாடும் கொடியில் இந்திரனின் வச்சிரமும் இளம்பிறையும் ‘வந்தே மாதரம்’ என்ற எழுத்தும் வருகின்றன. அது மூவர்ணக் கொடிக்கு முந்தைய தலைமுறைக் கொடி.

ராட்டையை எடுத்துவிட்டுச் சக்கரம் வைத்தது ஏன்? ‘கொடியை வடிவமைத்தவர் பிங்கலி வெங்கையா’ என்று விநாடி வினாவில் எழுதினால் சரியா?
*– கல்லூரி மாணவர், மதுரை*

முதல் கேள்விக்கு நேருவே விடை சொல்லியிருக்கிறார். 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் கொடித் தீர்மானத்தை முன்மொழிந்தபோது அவர் சொன்ன காரணம் முழுக்க முழுக்க வடிவமைப்பு சார்ந்தது. கொடிக்கு இரண்டு பக்கம் உண்டு. எந்தப் பக்கம் பார்த்தாலும் சின்னம் ஒரே மாதிரி தெரிய வேண்டும். ராட்டையில் ஒரு பக்கம் சக்கரம், மறு பக்கம் நூல் சுற்றும் கதிர். பின்னாலிருந்து பார்த்தால் இடவலம் மாறிவிடும். ராட்டையின் மற்ற உறுப்புகளை விட்டு, உயிர்நாடியான சக்கரத்தை மட்டும் வைத்துக்கொண்டால் அந்தச் சிக்கல் தீர்கிறது. எந்தச் சக்கரம் என்று தேடியபோது, சாரநாத் சிங்கத் தூணின் பீடத்தில் விலங்குகளுக்கு நடுவே செதுக்கப்பட்ட சக்கரம் கிடைத்தது. தீர்மானத்தின் வாசகமே, ராட்டையைக் குறிக்கும் வகையில் ஒரு சக்கரம் என்றுதான் சொல்கிறது. ராட்டை கொடியை விட்டுப் போய்விட்டது என்பதைவிட, அதன் ஓர் உறுப்பு தங்கிவிட்டது என்பதே பொருந்தும். அப்படியும் காந்தியடிகளுக்கு இதில் வருத்தம் இருந்தது.

பிங்கலி வெங்கையா 1921இல் பெஜவாடாவில், அதாவது இன்றைய விஜயவாடாவில், காந்தியடிகளிடம் கொடி மாதிரியைக் கொடுத்தவர். ராட்டையைச் சேர்க்கும் யோசனை ஜலந்தரைச் சேர்ந்த லாலா ஹன்ஸ்ராஜுடையது. வெள்ளையைச் சேர்க்கச் சொன்னவர் காந்தியடிகள். 1947இல் இறுதி வடிவத்தைப் பரிந்துரைத்தது இராஜேந்திர பிரசாத் தலைமையிலான குழு. அதில் ராஜாஜி, அம்பேத்கர், ஆசாத், சரோஜினி நாயுடு ஆகியோர் இருந்தனர். ‘1921 கொடி மாதிரியை உருவாக்கியவர்’ என்று கேள்வியை அமைத்தால் வெங்கையா என்பது ஐயமற்ற விடை. இன்றைய கொடிக்கு ஒரே ஒருவர் பெயரைச் சொல்வது மற்றவர்களுக்கு இழைக்கும் அநீதி.

சார்ட் தாளில் கொடி வரையும்போது 24 ஆரக்கால்களும் சமமாக வருவதில்லை. கடைசி இரண்டு கால்கள் நெருங்கிவிடுகின்றன. சரியான அளவுகள் என்ன?
*– ஒன்பதாம் வகுப்பு மாணவி, தென்காசி*

கோணமானியை ஒவ்வொரு காலுக்கும் நகர்த்தி வைத்து, முந்தைய கோட்டிலிருந்து 15 பாகை அளக்கிறீர்கள் என்று நினைக்கிறோம். ஒவ்வொரு முறையும் கால் பாகை தவறினால்கூட 24ஆவது காலில் அது ஆறு பாகையாகச் சேர்ந்துவிடும். கோணமானியை ஒதுக்கிவிட்டுக் கவராயத்தை எடுங்கள்.

450 × 300 மி.மீ. அளவு சார்ட்டுக்கு வசதியானது; அரசு அங்கீகரித்த ஒன்பது அளவுகளில் அதுவும் ஒன்று. பட்டைக்கு 100 மி.மீ. மையப் புள்ளி இடமிருந்து 225, மேலிருந்து 150. சக்கரத்தின் விட்டம் 90, ஆகவே கவராயத்தை 45 மி.மீ. விரித்து வட்டம் போடுங்கள். விரிப்பை மாற்றாமல், உச்சிப் புள்ளியிலிருந்து அதே 45ஐ வட்டத்தின் மேலேயே அடுத்தடுத்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். ஆறு புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொரு வில்லையும் கவராயத்தால் இருசமமாக வெட்டினால் 12, இன்னொரு முறை வெட்டினால் 24. இம்முறையில் பிழை ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்குத் தொற்றாது.

மாட்டு வண்டிச் சக்கரத்தின் உறுப்புகளை நினைத்துக்கொள்ளுங்கள்: வட்டை, ஆரக்கால், குடம். வெளி வட்டையின் தடிப்பு ஏறத்தாழ ஐந்தரை மி.மீ., நடுக் குடத்தின் ஆரம் ஏறத்தாழ எட்டு. ஆரக்கால் வெறும் கோடு அல்ல. குடத்தை ஒட்டிச் சற்றே பருத்து, வட்டையை நோக்கிக் கூராகும் நெல்மணி போன்ற வடிவம். இரண்டு கால்களுக்கு நடுவே, வட்டையின் உள்விளிம்பில் ஒரு சிறு புடைப்பு உண்டு, அதுவும் 24. பலரும் விட்டுவிடுவது இதைத்தான். மூன்று காலுக்கு ஒன்று என்று யாரோ தொடங்கிவைத்த படங்களைப் பார்த்து வரையாதீர்கள்.

சக்கரம் பட்டையின் விளிம்பைத் தொடக் கூடாது. உங்கள் அளவில் மேலும் கீழும் 5 மி.மீ. வெள்ளை தெரிய வேண்டும். எல்லா அளவுக் கொடிக்கும் ஒரே விகிதத்தில் சக்கரம் வரும் என்று எண்ண வேண்டாம். 900 × 600 கொடியில் பட்டை 200, சக்கரம் 185. 1800 × 1200இல் பட்டை 400, சக்கரம் 370. ஆனால் கார்க் கொடியான 225 × 150இல் பட்டை 50, சக்கரம் 40தான். மேசைக் கொடியான 150 × 100இல் 25தான். பெரிய கொடியின் படத்தை அப்படியே சுருக்கி மேசைக் கொடி அச்சடித்தால் சக்கரம் பெரிதாகிவிடுவது இதனால்தான்.

கடையில் கொடி வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குவது?
*– குடியிருப்போர் சங்கச் செயலாளர், கோயம்புத்தூர்*

அளவு நாடாவைக் கையோடு கொண்டுபோங்கள். நீளம் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும்: 3க்கு 2. மூன்று பட்டைகளையும் தனித்தனியே அளந்து பாருங்கள். ஓரம் மடித்துத் தைக்கும்போது காவியிலும் பச்சையிலும் துணி உள்ளே போய், வெள்ளை மட்டும் அகலமாக நிற்பது மலிவான கொடிகளில் அடிக்கடி காணும் குறை. அடுத்து, கொடியை வெயிலுக்கு எதிராகத் தூக்கிப் பிடியுங்கள். சக்கரம் இரு பக்கமும் அச்சாகியிருந்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். விலகியிருந்தால் இரட்டைச் சக்கரம் போல நிழலாடும். பிறகு கால்களை எண்ணுங்கள். வட்டம் நீள்வட்டமாக இழுபட்டிருந்தாலும், நீலத்துக்குப் பதில் கறுப்பு இருந்தாலும், கொடியில் எந்த எழுத்து அச்சாகியிருந்தாலும் வாங்காதீர்கள்.

கதர்தான் வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. இந்தியக் கொடி விதித்தொகுப்பில் 2021 டிசம்பர் 30இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பாலியெஸ்டரும் இயந்திரத் தயாரிப்பும் அனுமதிக்கப்பட்டுவிட்டன. ஆனாலும் எங்கள் பரிந்துரை கதர்தான். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரவரிசையில் முதல் எண், அதாவது ஐ.எஸ். 1, தேசியக் கொடிக்கு உரியது. அந்தத் தரத்துக்கு ஏற்பக் கர்நாடகத்தின் ஹூப்பள்ளி பெங்கேரியில் உள்ள கதர் கிராமத் தொழில் கூட்டமைப்பு கொடி தயாரிக்கிறது. கொடித்துணி ஒரு வகைக் கதர். கம்பத்து ஓரம் வரும் கயிற்று உறைக்கு அதைவிடத் தடித்த இன்னொரு வகைக் கதர். இழுபடும் இடம் அந்த ஓரம்தான் என்பதால் இந்த ஏற்பாடு.

குடியரசு நாளில் கயிற்றை இழுத்தும் கொடி விரியவில்லை. எல்லோர் முன்னும் தலைகுனிவாகிவிட்டது. சரியாகக் கட்டுவது எப்படி?
*– உடற்கல்வி ஆசிரியர், விழுப்புரம்*

கொடியின் ஓரத்து உறைக்குள் ஒரு கயிறு ஓடும். காவிப் பக்க முனையில் சிறு மரக்கட்டை, பச்சைப் பக்க முனையில் வளையம். கட்டை இருப்பது மேல்பக்கம். தலைகீழாகக் கொடி ஏறும் விபத்துகளில் பெரும்பாலானவை, மடித்து வைத்த கொடியில் எது மேல்முனை என்று பார்க்காமல் கட்டுவதால் வருபவை. மடிக்கும் முன்பே கம்பத்துக் கயிற்றில் இரு முனைகளையும் மாட்டிவிடுங்கள்.

பிறகு மேசைமேல் கொடியை விரித்து, காவியையும் பச்சையையும் வெள்ளையின்மேல் மடித்து நீளமான பட்டையாக்குங்கள். பூ வைப்பதாக இருந்தால் உலர்ந்த இதழ்கள் ஒரு கைப்பிடி போதும். தேசிய விழா நாட்களில் இதழ் வைப்பதை விதி அனுமதிக்கிறது. ஈர இதழ் துணியில் கறையாகும், ஒட்டிக்கொள்ளும். பறக்கும் முனையிலிருந்து கம்பத்து ஓரம் நோக்கித் தளர்வாகச் சுருட்டுங்கள். கொடிக்குக் கீழே தொங்கும் இறங்குகயிற்றை எடுத்துச் சுருளின்மேல் இரண்டு சுற்றுச் சுற்றி, அதே கயிற்றை மடித்து ஒரு காதாக அந்தச் சுற்றுக்கு அடியில் செருகுங்கள். ஷூ நாடாவில் ஒற்றைக் காது விடுவது போல. முடிச்சு போடவே கூடாது.

ஏறுகயிற்றால் உச்சிக்குக் கொண்டுபோனதும் அதைக் கம்பத்தில் இறுகக் கட்டிவிட வேண்டும். கட்டாமல் விட்டால், தலைவர் இறங்குகயிற்றை இழுக்கும்போது காது உருவப்படாமல் கொடியே இறங்கி வரும். உங்களுக்கு நேர்ந்தது ஒன்று இதுவாக இருக்கலாம், அல்லது யாரோ ‘பாதுகாப்புக்கு’ இன்னொரு முடிச்சு போட்டிருக்கலாம். மூன்றாவது காரணம் பனி. முதல்நாள் மாலையே கட்டி வைத்தால் ஜனவரிப் பனியில் பருத்திக் கயிறு நனைந்து உப்பி இறுகிவிடும். காலையில் கட்டுங்கள்; தரைக்கு மேல் கையெட்டும் உயரத்தில் இரண்டு மூன்று முறை இழுத்துப் பாருங்கள். அப்படியும் விரியாவிட்டால் வெட்டி வெட்டி இழுக்க வேண்டாம், மாணவனைக் கம்பத்தில் ஏற்றவும் வேண்டாம். இறக்கி, பிரித்துக் கட்டி, மறுபடி ஏற்றுங்கள். இரும்புக் கம்பம் நடும் இடத்துக்கு மேலே மின்கம்பி போகக் கூடாது.

சுதந்திர நாளில் செங்கோட்டையில் கொடி கீழிருந்து மேலே ஏற்றப்படுகிறது. குடியரசு நாளில் உச்சியில் கட்டிய கொடி அவிழ்த்து விரிக்கப்படுகிறது. ஆகஸ்ட் 15க்கு நீங்களும் விரித்த கொடியை விரைவாக ஏற்றினால் முடிச்சுப் பிரச்சினையே எழாது. மாநிலத் தலைநகரங்களில் அன்று முதலமைச்சர் கொடியேற்றும் உரிமை 1974இல் மு. கருணாநிதியின் முயற்சியால் வந்தது. அதுவரை ஆளுநர்களே ஏற்றினர்.

வீட்டு மாடியில் இரவிலும் பறக்கவிடலாமா? பால்கனியில் நெடுக்காகத் தொங்கவிட்டால் காவி எந்தப் பக்கம்?
*– இல்லத்தரசி, நாகர்கோவில்*

2022 ஜூலைத் திருத்தத்துக்குப் பின் வீட்டில் இரவும் பகலும் பறக்கவிடலாம். நெடுக்காகத் தொங்கும்போது, எதிரே நின்று பார்ப்பவருக்கு இடக்கைப் பக்கம் காவி வர வேண்டும். தெருவிலிருந்து பார்ப்பவரை மனதில் வைத்துக் கட்டுங்கள். உள்ளே நின்றபடி கட்டும்போதுதான் பக்கம் மாறிவிடுகிறது. கடலோரக் காற்றில் பறக்கும் முனைதான் முதலில் நூல் பிரியும். கிழிந்த கொடியைப் பறக்கவிடுவது விதிமீறல் என்பதால் வாரம் ஒருமுறை அந்த முனையைப் பாருங்கள்.

அரைக்கம்பத்தில் பறக்கவிடும் முறை?
*– அலுவலக உதவியாளர், சேலம்*

நேராகப் பாதிக்கு ஏற்றக் கூடாது. முதலில் உச்சிவரை ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பிறகு பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் இறக்கும்போதும் மறுபடி உச்சிக்கு ஏற்றிய பிறகே இறக்க வேண்டும்.

விழா முடிந்ததும் மைதானம் முழுக்கக் காகிதக் கொடிகள். சாயம் போன துணிக் கொடியும் ஒன்று இருக்கிறது. என்ன செய்வது?
*– தலைமையாசிரியர், திருவாரூர்*

காகிதக் கொடிகளைக் குப்பையோடு கூட்டாதீர்கள். வாசலில் ஓர் அட்டைப் பெட்டியுடன் இரண்டு மாணவர்களை நிறுத்தி, வெளியே போகும்போதே வாங்கிக்கொள்வதுதான் எளிய வழி. மைதானத்தில் பொறுக்குவதற்குள் பாதி மிதிபட்டுவிடும். பிறகு அவற்றைப் பொதுப் பார்வை படாத இடத்தில் மரியாதையோடு அப்புறப்படுத்துங்கள். துணிக் கொடியையும் அப்படியே, தனியிடத்தில், முழுக் கொடியாக எரிப்பதை விதி முதல் வழியாகச் சொல்கிறது. பட்டை பட்டையாகக் கிழித்துத் துடைக்கும் துணியாக்கக் கூடாது. பாலியெஸ்டர் எரியும்போது உருகிச் சொட்டும், புகையும் கெடுதி. பழைய கதர்க் கொடி சில நிமிடங்களில் சாம்பலாகிவிடும்.