மேடைப் பாட்டு சினிமாவுக்குப் போனால் பாடினவருக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி: சினிமாவுக்காக எழுதாத ஒரு நாட்டுப்புறப் பாட்டு டிவியிலும் படத்திலும் வந்து ஹிட் ஆகிவிட்டால், அதை எழுதிப் பாடியவர்களுக்கு உண்மையில் என்ன லாபம்?

லாபம் உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி கோயில் திருவிழா மேடையில்தான் வரும், சினிமாக்காரர் கொடுக்கும் சம்பளத்தில் வராது. இதை எங்கள் ஊர் விழாக் கமிட்டியில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த ‘சின்ன மச்சான்’ பாட்டையே எடுத்துக்கொள்வோம். எழுதியவர் செல்ல தங்கையா. பாடியவர்கள் செந்தில் கணேஷும் ராஜலட்சுமியும், புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன், திண்டுக்கல் பக்கத்துப் பெண், கணவன் மனைவி. ஊர் ஊராக மேடைக் கச்சேரி செய்துகொண்டிருந்தவர்கள் விஜய் டிவியின் சூப்பர் சிங்கர் ஆறாவது சீசனுக்குப் போனார்கள், 2018-ல் செந்தில் கணேஷ் பட்டம் ஜெயித்தார். சங்கீதம் தெரிந்தவர்கள் இருக்கும்போது கிராமியப் பாடகருக்கு எப்படிக் கொடுக்கலாம் என்று அப்போது இணையத்தில் ஒரே சண்டை. (கிராமியப் பாட்டைச் சுருதி பிசகாமல் திறந்த வெளியில் விடிய விடியப் பாடுவது சங்கீதம் இல்லையாம், சரி.) அப்புறம் அதே பாட்டை இசையமைப்பாளர் அம்ரீஷ் எடுத்து, 2019 ஜனவரியில் வந்த ‘சார்லி சாப்ளின் 2’ படத்தில் பிரபுதேவா ஆட வைத்தார். யூடியூபில் பத்துக் கோடிப் பார்வையைத் தாண்டியது.

அந்தப் பாட்டு டிவிக்கு அவ்வளவு பொருந்தியதற்குக் காரணம் அதன் அமைப்பு. அவள் கூப்பிடுவாள், அவன் என்னவென்று கேட்பான், அவள் இன்னொரு முறை வேறு மாதிரி கூப்பிடுவாள். ஊர் மேடையில் இந்த இடத்தில் பாடுகிறவர் வேண்டுமென்றே ஒரு நொடி தாமதிப்பார், அதற்குள் முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பொடிசுகள் எல்லாம் அவனுக்குப் பதிலாகக் கத்திவிடும். கேமராவுக்கும் அது வசதி, இவர் முகம், அவர் முகம் என்று மாற்றி மாற்றிக் காட்டினால் போதும். படத்தில் டான்ஸுக்காகத் தாளத்தை நெருக்கிவிட்டார்கள், எனக்கு அந்த மேடைத் தாமதம்தான் பிடிக்கும். ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார்கள், பாடிய குரலையும் எழுதியவர் பெயரையும் மாற்றவில்லை. மெட்டை மட்டும் உருவிக்கொண்டு வேறு பின்னணிப் பாடகரைப் பாட வைத்திருந்தால், பாட்டு இதே அளவு ஓடியிருக்கும், இவர்கள் இருவரும் பழைய ரேட்டுக்கே கச்சேரி செய்துகொண்டிருப்பார்கள்.

ஏன் ரேட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்றால், கமிட்டிக் கூட்டத்தில் நடப்பது இதுதான். வரி எவ்வளவு வசூலாகும், கரகாட்டமா, பாட்டுக் கச்சேரியா, நாடகமா என்று பேச்சு ஓடும். எந்தக் குழு என்று வரும்போது எங்கள் சித்தப்பா கேட்கும் முதல் கேள்வி, “டிவியில வந்த ஆளாடா?” என்பதுதான். நோட்டீஸில் பெயருக்கு மேலே ‘சூப்பர் சிங்கர் புகழ்’ என்றோ படத்தின் பெயரையோ போட முடிந்தால் தொகை ஒரேயடியாக ஏறும். பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில் தேதியே கிடைக்காது. ஒரு சினிமாப் பாட்டுக்கு ஒரு தடவை காசு, அந்தப் பெயரை வைத்து மேடையில் வருஷா வருஷம் காசு.

முன்பு இந்த வசதி இல்லை. கொல்லங்குடி கருப்பாயி அம்மா வானொலியில் பாடி, 1985-ல் ‘ஆண் பாவம்’ படத்தில் நடித்து, பாடி, தமிழ்நாடே அறிந்த முகமானார். பரவை முனியம்மாவை 2003-ல் ‘தூள்’ எல்லா வீட்டுக்கும் கொண்டுபோனது. இரண்டு பேருமே கடைசிக் காலத்தில் வசதியாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது, முனியம்மாவுக்கு அரசு உதவி செய்ய வேண்டியிருந்தது. படம் பார்த்தவர்களுக்கு அவர்களைத் தேடிப்பிடித்து அழைக்க வழியில்லை. இன்றைக்கு யூடியூபில் பாட்டுக்குக் கீழேயே போன் நம்பர் கிடக்கிறது.

இன்னொரு உதாரணம், மலையாளத்தில். அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் நஞ்சியம்மா, 2020-ல் வந்த ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்துக்காகத் தன் இருள மொழிப் பாட்டைப் பாடினார். அந்த மொழி தமிழுக்கு அவ்வளவு பக்கம், சந்தன மரம் பூத்திருப்பதும், பூப் பறிக்கப் போவோமா, விமானம் பார்ப்போமா என்று கேட்பதும் நமக்கு உரையே இல்லாமல் புரிந்துவிடும். பழங்குடிப் பாட்டில் விமானம் வருவதுதான் எனக்குப் பிடித்த இடம், பாட்டு பழையதாக மட்டுமே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? பாடல் வரிகளுக்கும் அவர் பெயரையே போட்டார்கள். 2022-ல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்கு அறிவிக்கப்பட்டபோது, நம் சூப்பர் சிங்கர் சண்டை மாதிரியே அங்கேயும் ஒரு சண்டை நடந்தது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி உரிமையை எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி செய்தார்கள், வாரிசுகளுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் கொடுக்கலாம். டிவி, ரேடியோ, ஆன்லைன் என்று தியேட்டருக்கு வெளியே பாட்டு ஒலிக்கும்போது வருகிற பங்கு இது. சிக்கல் எங்கே என்றால், பாட்டி காலத்துப் பாட்டுக்கு உரிமையாளர் என்று யாரும் கிடையாது, அதை யார் வேண்டுமானாலும் எடுத்து ‘பாரம்பரியம்’ என்று போட்டுக்கொள்ளலாம். செல்ல தங்கையா மாதிரி இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறவர்களின் பாட்டையும் அதே கணக்கில் சேர்த்துவிடுவார்கள், கேட்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால்.

அதனால் நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ சொந்தமாகக் கிராமியப் பாட்டு எழுதுகிறவராக இருந்தால், மேடையேற்றும் முன்பே போனிலாவது முழுதாகப் பதிவு செய்து எழுதியவர், மெட்டமைத்தவர் பெயரோடு யூடியூபில் ஏற்றுங்கள், பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கான காப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் (IPRS) உறுப்பினராகிப் பாட்டைப் பதியுங்கள். படத்துக்குக் கேட்டு வந்தால் முன்பணத்தைப் பேசுவதற்கு முன்னால், குரல் யாருடையது, டைட்டிலில் பெயர் எப்படி வரும் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.