ஒரு குடுவைத் தண்ணீர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சட்ட விவாதங்களின் பழந்தொகுப்பான தல்மூத்தை யூதர்கள் வாசிப்பதைப் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். வேலைக்குப் போகிறவர்களும் பணி ஓய்வு பெற்றவர்களும் நாளுக்கு ஓர் ஏடு வீதம் ஏழரை ஆண்டுகள் படிக்கிறார்கள் என்பது வியப்பாக இருந்தது. ஆனால், தீர்ப்பு எப்போதோ வந்துவிட்ட வழக்குகளின் வாதங்களை இன்று எதற்காகப் படிக்க வேண்டும்? முடிவுகளை மட்டும் தொகுத்த சட்டநூல் போதாதா?

ம., கும்பகோணம்

அன்புள்ள ம.,

ஏறத்தாழ அப்படி நினைத்த பேரறிஞர் ஒருவர் அந்த மரபிலேயே இருந்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ், யார் சொன்னது, எதைக் கொண்டு சொன்னது என்பதையெல்லாம் பெரும்பாலும் விட்டுவிட்டு, யூதச் சட்டம் முழுவதையும் 14 பகுதிகளாகத் தொகுத்தார். தென் பிரான்சில் இருந்த ஆபிரகாம் பென் தாவீது, பெயரும் சான்றும் இல்லாத தீர்ப்பை எதை நம்பி ஏற்பது என்று கேட்டு, கடுமையான மறுப்புகளை எழுதினார். அந்த மறுப்புகளையும் பக்கத்திலேயே சேர்த்து அச்சிடுவதுதான் பிறகு வழக்கமாயிற்று. மைமோனிடிஸ் இதை விரும்பியிருக்க மாட்டார்.

தாங்கள் கேட்டதற்குத் தல்மூத்தின் ‘பாவா மெட்சியா’ பகுதியில், 62ஆம் ஏட்டில் வரும் ஒரு வழக்கைக் காட்டலாம். இருவர் வழிநடந்து போகிறார்கள். ஒருவர் கையில் ஒரு குடுவைத் தண்ணீர் இருக்கிறது. இருவரும் குடித்தால் இருவரும் சாவார்கள்; ஒருவர் மட்டும் குடித்தால் அவர் ஊர் போய்ச் சேருவார். தோழன் சாவதை ஒருவன் பார்த்துக்கொண்டிருப்பதைவிட இருவரும் குடித்துச் சாவதே மேல் என்றார் பென் பெத்துரா என்ற அறிஞர். பிறகு வந்த ரபி (யூத மத ஆசிரியர்) அகிவா, உன் சகோதரன் உன்னோடு பிழைக்கட்டும் என்ற பைபிளின் லேவியராகம வசனத்தைக் காட்டி, உன் உயிரே முந்தியது என்றார்.

அகிவாவின் சொல் கல்நெஞ்சமாகவே எனக்கு முதலில் பட்டது. ஆனால் அந்த வசனம் வட்டி வாங்காதே என்ற கட்டளையோடு வருவது. இந்த ஏடும் வட்டியைப் பற்றிய அதிகாரத்துக்குள்தான் இருக்கிறது. நொடித்தவனைத் தாங்கிப் பிடிக்கச் சொல்லும் வசனத்திலிருந்துதான் அகிவா இதை எடுக்கிறார் என்றால், உன்னோடு என்ற சொல்லில், தாங்குகிறவன் முதலில் உயிரோடு இருந்தாக வேண்டும் என்பதும் அடங்கியிருக்கிறது. தீர்ப்பை மட்டும் படிப்பவருக்கு இது தெரியவே வராது.

தோற்ற கருத்தை ஏன் எழுதி வைக்க வேண்டும் என்பதையும், தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பின் ‘எதுயோத்’ பகுதி கேட்கிறது. பின்னாளில் ஒரு நீதிமன்றம் அதை ஏற்று அதன்மேல் தீர்ப்புச் சொல்ல நேரலாம் என்பது ஒரு பதில். அது முன்பே மறுக்கப்பட்டது என்று காட்டுவதற்காக என்பது ரபி யூதாவின் பதில். இதிலும் அவர்கள் ஒத்துப்போகவில்லை!

‘ஹவ்ரூத்தா’ என்ற முறையில் இருவர் எதிரெதிரே அமர்ந்து உரக்க வாசித்து வாதிடும்போது, பெரும்பாலும் குடுவை யாருடையது என்ற கேள்வி எழும். ஒருவர் கையில் இருந்தது என்று மூலத்திலேயே இருப்பதால் அகிவாவின் தீர்ப்பு அதற்குப் பொருந்துகிறது. இருவருக்கும் பொதுவானது என்றால்? கொரோனா காலத்தில் சுவாசக் கருவிகள் போதாதபோது யூத அறவியல் பேசுவோர் மறுபடி இந்த ஏட்டைத்தான் எடுத்தார்கள். அங்கே குடுவை நோயாளிகள் இருவரில் எவர் கையிலும் இல்லை. மருத்துவர் கையில் இருந்தது.