அந்த இரண்டு நிமிடம்

அன்புள்ள ஐயா,

மூன்றாம் ஆண்டு இ.சி.இ. படிக்கிறேன். மார்க் வருகிறது, ஆனால் புதிதாக ஒரு கணக்கைக் கொடுத்தால் எங்கே ஆரம்பிப்பதென்றே தெரிவதில்லை. இரண்டு நிமிடம் யோசிப்பேன், வராவிட்டால் யூடியூபில் விடையைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். ஆப்டிடியூட் கிளாஸில் சேரலாமா? செஸ் ஆடினால் இந்தத் திறமை வளருமா?

கே.

அன்புள்ள கே,

செஸ் பிடித்திருந்தால் ஆடுங்கள். ஆப்டிடியூட் கிளாஸ் பிளேஸ்மென்ட்டில் முதல் ரவுண்டுக்கு உதவும், அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தது அந்த இரண்டு நிமிடத்தைப் படித்தபோது. கொஞ்ச நாளாகவே இது மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் படிக்கும்போது லேபில் பக்கத்து மேஜைப் பையன் 555 டைமர் என்ற ஐ.சி.யை (சின்ன சிப்) வைத்து எல்.இ.டி. மினுக்கும் சர்க்யூட் போட்டான். எரியவில்லை. ஐ.சி.யை மாற்றினான், கெபாசிட்டரை மாற்றினான், கடைசியில் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு இன்னொருவன் போட்டதைப் பார்த்து அப்படியே திரும்பப் போட்டான், அப்போதும் எரியவில்லை. லேப் அட்டெண்டர் அண்ணன் வந்தார். எதையும் பிடுங்காமல் மல்டிமீட்டரை சப்ளையில் வைத்தார், 5 வோல்ட். ஐ.சி.க்கு சப்ளை நுழையும் 8ஆம் பின்னில் வைத்தார், ஒன்றுமில்லை. "இங்க இருக்கு, அங்க இல்ல. நடுவுல தேடு" என்றார். வயர்களைச் செருகி சர்க்யூட் போடும் பலகைதான் பிரெட்போர்டு, சிலவற்றில் ஓரமாகப் போகும் சப்ளை வரிசை பாதியில் துண்டுபட்டிருக்கும், சிவப்புக் கோட்டில் ஒரு சின்ன இடைவெளிதான் அடையாளம். அதன்மேல் ஒரு ஜம்பர் வயர் போட்டதும் மினுக்க ஆரம்பித்தது.

எதுவரை சரியாக இருக்கிறது என்று முதலில் கேட்டார் பாருங்கள், நீங்கள் கற்க வேண்டியது அதைத்தான். கணித ஆசிரியர் ஜார்ஜ் போல்யா 1945இல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். அவரும் தெரியாதது எது, கொடுத்திருப்பது எது என்ற கேள்விகளில்தான் தொடங்குகிறார். வீடியோவில் அதெல்லாம் இருக்காது தம்பி. போடுகிறவர் எங்கே முட்டி நின்றார், எந்த வழியை விட்டுவிட்டு வந்தார் என்பதையெல்லாம் வெட்டியெறிந்துவிட்டு நேரான பாதையை மட்டும் காட்டுகிறார்கள், நீங்களும் தலையாட்டிவிட்டுப் புரிந்தது என்கிறீர்கள். அப்புறம் எங்கே ஆரம்பிப்பதென்று தெரியவில்லை என்று எனக்குக் கடிதம்! ஆரம்பிக்கிற வேலையைத் தினமும் வேறொருவரிடம் கொடுத்துவிட்டால் எப்படித் தெரியும்?

ஃபோனை வேறு அறையில் வையுங்கள். அரைமணி நேரம் முட்டி மோதுங்கள். எங்கே நின்றுபோனது என்று நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு விடையைத் திறங்கள், அந்த இடம் தாண்டியதும் மூடிவிட்டு மீதியை நீங்களே போடுங்கள். முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

இவ்வளவு எழுதியும் கடிதத்தில் ஒரு கணக்கைக்கூடச் சொல்லவில்லையே நீங்கள். ஒன்றை அனுப்புங்கள், நின்றுபோன வரியைக் குறித்து. சேர்ந்து பார்ப்போம்.