பின்கோடை வகுத்துப் பாக்கற பையனைத் திட்டாதீங்ண்ணா

ஏனுங்ண்ணா, பையன் பிளஸ் ஒன் புக்கை மூடி வெச்சுட்டு ஊரூரா பின்கோடை எடுத்து வகுத்துட்டு உக்காந்திருக்கறான், இது எங்க போய் முடியும்னு கேட்டிருந்தீங்க. நீங்க அனுப்புன நோட்டு போட்டோவை முழுசா பாத்தேனுங்க, கணக்கு எல்லாமே சரி.

நம்ம திருப்பூர் 641601 இருக்குதில்லீங்களா, அது 801-ஐ 801-ஆல பெருக்குனா வர்ற முழு வர்க்கம், 800-ஓட வர்க்கம் 640000, அதோட 1600, அப்பறம் ஒரு 1, அவ்வளவுதான், காரணி, அதாவது அதை மீதியில்லாம வகுக்கற எண், மொத்தம் 15. ஈரோடு 638001 வேற மாதிரி, 3, 3, 7, 13, 19, 41ன்னு சின்னச் சின்ன பகா எண்ணா (ஒண்ணாலயும் தன்னாலயும் மட்டும் வகுபடற எண்) உடைஞ்சு 48 காரணி வருது. கோயமுத்தூர் 641001-ஐப் பாத்தா 3, 43, 4969 அத்தோட நின்னுபோகுது, எட்டே காரணி. 4969 பகா எண்தான்னு சொல்றதுக்கு அவன் 67 வரைக்கும் இருக்கற பகா எண்ணால வகுத்துப் பாத்துட்டு நிறுத்தியிருக்கறான், ஏன்னா 71-ஐ 71-ஆல பெருக்குனாலே 5041, தாண்டிருது. எங்க நிறுத்தோணும்னு தெரிஞ்சிருக்குது பாருங்க, மனப்பாடம் பண்ற பையனுக்கு அது வராதுங்ண்ணா.

இதுல சோறு இருக்குதான்னு கேக்கறீங்க. ரெண்டு பெரிய பகா எண்ணைப் பெருக்கறது சுலுவு, பெருக்கி வந்ததைத் திரும்ப உடைக்கறதுதான் கஷ்டம், அந்தக் கஷ்டத்தை நம்பி 1977-ல வந்ததுதான் ஆர்எஸ்ஏ முறை, இன்டர்நெட்ல நம்ம பணத்துக்கும் தகவலுக்கும் பூட்டு போடறதுல அதுக்குப் பெரிய பங்கு. அப்ப சவாலா விட்ட 129 இலக்க எண்ணை ஏகப்பட்ட கம்ப்யூட்டரை ஒட்டுக்கா ஓட்டி 1994-லதான் உடைச்சாங்க. தகவலை அடுத்தவங்க படிக்க முடியாம மாத்தற கிரிப்டோகிராபி, சைபர் செக்யூரிட்டின்னு இதுக்கு வேலை இருக்குதுங்க. ஈரோட்டுல பொறந்த ராமானுஜன் 1915-ல எழுதுன பெரிய கட்டுரையே காரணி நெறைய இருக்கற எண்களைப் பத்தித்தான்.

படிக்கறதுக்கு சென்னை சிறுசேரில சிஎம்ஐ (சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிடியூட்), பெங்களூர்ல ஐஎஸ்ஐ (இந்தியன் ஸ்டாட்டிஸ்டிகல் இன்ஸ்டிடியூட்), ரெண்டுக்கும் தனி நுழைவுத்தேர்வு, விடை மட்டும் போட்டா பத்தாது, ஏன் அப்படின்னு எழுதிக் காட்டோணும். கோச்சிங் சென்டர்ல பெரும்பாலும் இதைச் சொல்லித்தர மாட்டாங்க. அதுக்கோசரம் பிளஸ் டூ மார்க்கை விட்றக்கூடாதுங்ண்ணா, இஞ்சினியரிங் கவுன்சிலிங் கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மார்க்கை வெச்சுத்தான், அந்தக் கதவும் தொறந்தே இருக்கட்டும். பனியன் கம்பெனியை யாரு பாக்கறதுங்கற பேச்சை இப்ப எடுக்காதீங்க.

இந்த வாரம் அவங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க: முழு வர்க்கமா இருக்கற எண்ணுக்கு மட்டும் காரணி எண்ணிக்கை ஏன் ஒத்தைப்படைல வருது? யாரும் உதவி பண்ண வேண்டாம், அவனே பேப்பர்ல எழுதட்டும், அதை எனக்கு அனுப்புங்ண்ணா, பாத்துட்டு எந்தப் பரிட்சைக்குத் தயார் பண்றதுன்னு பேசிக்கலாமுங்க.