ஒளி சிகிச்சை இருக்கட்டும், முதலில் பூனையைப் பிடிக்கட்டும்

வணக்கம் அம்மா. இங்கே சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியில் (ஜூனியர் காலேஜ்) படிக்கும் உங்கள் மகள், விலங்குகளின் கட்டியையும் புண்ணையும் ஒளி பாய்ச்சிக் குணமாக்கும் படிப்புதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பெயரில் பட்டப்படிப்பைத் தேடாதீர்கள். ஆனால் அவள் சொல்வது கற்பனையும் இல்லை.

வெள்ளைப் பூனைகளுக்கு வெயில் பட்டுப் பட்டு மூக்கு நுனியில் தோல் புற்றுநோய் வரும். பார்வைக்கு ஆறாத சிராய்ப்பு மாதிரி இருக்கும். மேலோட்டமாக இருக்கும்போதே கண்டுபிடித்தால், அங்கே மருந்துக் களிம்பைத் தடவிச் சில மணி நேரம் விடுவார்கள். மருந்து புற்றணுக்களில் சேர்ந்ததும், பூனைக்கு மயக்கம் கொடுத்து, சுமார் 635 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு ஒளியைக் காட்டுவார்கள். மருந்து, ஒளி, திசுவிலுள்ள ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால்தான் அந்த அணுக்கள் சாகும். ஒளி சில மில்லிமீட்டர்தான் உள்ளே போகும். ஆழமான கட்டிக்குக் கத்திதான். தொற்றுப் புண்ணுக்கும் இதே வழிதான். மெத்திலீன் புளூ சாயத்தோடு ஒளி சேர்ந்தால், ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகளைக்கூடக் கொல்ல முடியும்.

சரி, இதில் மகளை இழுப்பது எது? ஒளி என்றால் இங்கேயே இயற்பியலோ பொறியியலோ படிக்கலாம். மருந்து என்றால் வேதியியல், மருந்தியல். விலங்கு என்றால்தான் உங்கள் கவலை நியாயம். சிங்கப்பூரில் கால்நடை மருத்துவப் பட்டம் தரும் பல்கலைக்கழகம் கிடையாது. ஆஸ்திரேலியாவின் பெர்த்திலுள்ள மர்டோக் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்குத்தான் போக வேண்டும். அங்கே 5 ஆண்டுப் படிப்பு, லட்சக்கணக்கான வெள்ளி (டாலர்) செலவு. திரும்பி வந்து தொழில் செய்ய, தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவு உரிமம் தர வேண்டும். அவர்கள் ஏற்கும் பட்டம்தானா என்று பணம் கட்டும் முன்பே பாருங்கள்.

இன்னொன்று. ஒளி சிகிச்சை ஒரு விலங்கு மருத்துவரின் வேலையில் சின்ன மூலைதான். மற்ற நேரமெல்லாம் தடுப்பூசி, பல் சுத்தம், வயிற்றுப்போக்கு, பில்லைப் பார்த்துக் கண் கலங்கும் உரிமையாளர். இதைத் தாங்குவாள், தாங்கமாட்டாள் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும்தான். டிசம்பர் விடுமுறையில் ஒரு விலங்கு மருத்துவமனையிலோ விலங்குக் காப்பகத்திலோ கூண்டு கழுவட்டும், பிறாண்டும் பூனையைப் பிடித்துக்கொள்ளட்டும். அதற்குப் பிறகும் அதே பேச்சு என்றால், கடன் கணக்குப் போட உட்காரலாம்.

அதுவரை எச்2 (ஏ-லெவல் உயர்நிலை) வேதியியலை மட்டும் அவள் விட்டுவிட வேண்டாம். மருந்து வழிக்கும் அது வேண்டும், விலங்கு வழிக்கும் வேண்டும்.